ராத்திரியில் பாஸ் மீனுக்கு எந்த லூர்?

டெக்சாஸில் ஜூலை மாதம் பகலில் மீன் பிடிக்கப் போவது உடம்புக்கு ஆகாத வேலை. டாலஸ் பக்கம் வெயில் 38, 40 டிகிரிக்குப் போகும். ஏரியின் மேல்தண்ணீரே 30 டிகிரிக்கு மேல் சூடாகிக் கிடக்கும். லார்ஜ்மவுத் பாஸ் என்ற நன்னீர் வேட்டை மீன் அந்த நேரத்தில் ஆழத்திலோ, மர நிழலிலோ, படகுத்துறைக்கு அடியிலோ ஒதுங்கிவிடும். சனி ஞாயிறு என்றால் வேகப் படகுகளும் ஜெட் ஸ்கிகளும் ஏரியைக் கலக்கிவிடும். அதனால் கோடையில் இங்கே தூண்டில்காரர்கள் பலர் ராத்திரிக்கு மாறிவிடுகிறார்கள். சூரியன் இறங்கவே எட்டரை தாண்டும். ஒன்பதரைக்கு நல்ல இருட்டு. அங்கிருந்து விடியற்காலை இரண்டு மூன்று மணி வரை ஏரி நமக்குத்தான்.

நான் முதன்முதலில் ராத்திரி போனது லேக் ஃபோர்க் ஏரிக்கு. டாலஸிலிருந்து கிழக்கே காரில் ஒன்றரை மணி நேரம். 1980இல் அணை கட்டி முடித்த ஏரி, சுமார் 27,000 ஏக்கர். தண்ணீர் நிரப்பும்போது வெட்டாமல் விட்ட மரங்கள் இன்னும் மொட்டையாக நின்றுகொண்டிருக்கின்றன. டெக்சாஸ் மாநிலத்தின் சாதனை மீன், 18.18 பவுண்டு பாஸ், அதாவது எட்டே கால் கிலோ, 1992 ஜனவரியில் இங்கேதான் பிடிபட்டது. அந்த எண்ணை நினைத்துக்கொண்டே நாற்பது லூர் (முள் வைத்த செயற்கை இரை) அடங்கிய பெட்டியோடு போனேன்.

என்னைக் கூட்டிப்போனவர் எங்கள் குடியிருப்பில் இருக்கும் நாகர்கோவில்காரர். இருபது வருடத்துக்கு மேல் இங்கே இருக்கிறார், எல்லோருக்கும் அண்ணாச்சி. சின்ன அலுமினியப் படகு வைத்திருக்கிறார். அன்று ராத்திரி நான் பத்து நிமிடத்துக்கு ஒரு லூர் மாற்றினேன். வெள்ளி மாதிரி பளபளக்கும் மீன் பொம்மை, குட்டி மீன் நிறத்தில் ரப்பர் மீன், இருட்டில் தானே ஒளிரும் என்று அட்டையில் போட்டிருந்த பச்சை லூர். ஒன்றரை மணி நேரத்துக்குள் ஒன்பது மாற்றியிருந்தேன். ஒரு கொத்துகூட இல்லை. அண்ணாச்சி தொடக்கத்தில் கட்டிய கறுப்பு ஸ்பின்னர்பெய்ட்டை, தகடு சுழலும் லூர் அது, அவிழ்க்கவே இல்லை. அதற்குள் நான்கு மீன் பிடித்துத் திரும்ப ஏரியில் விட்டுவிட்டார்.

"தம்பி, பெட்டிய மூடி வை. நீ மாத்திக்கிட்டே இருந்தா மீன் எப்ப தேடி வரும்?" என்றார்.

எனக்கு அது உடனே புரியவில்லை. பகலில் நாம் லூர் தேர்ந்தெடுப்பது கண்ணை வைத்து. தண்ணீர் தெளிவா, கலங்கலா, அங்கே என்ன குஞ்சு மீன் ஓடுகிறது, அதே நிறம் நம்மிடம் இருக்கிறதா என்று பார்ப்போம். பாஸும் பார்த்துத்தான் வந்து கவ்வும். ராத்திரியில் அந்தக் கணக்கு மாறிவிடுகிறது. லூர் எவ்வளவு அழகாக, எவ்வளவு நிஜ மீன் மாதிரி இருக்கிறது என்பது பின்னுக்குப் போய்விடும். இருட்டுக்குள் மீன் அதை எப்படிக் கண்டுபிடிக்கும் என்ற கேள்விதான் முன்னால் நிற்கும். அதே அளவுக்கு, இருட்டில் உங்கள் கைக்கு அது என்ன சொல்கிறது என்பதும் முக்கியம். இந்த இரண்டையும் வைத்துத்தான் இப்போது நான் ராத்திரிக்கு லூர் எடுக்கிறேன். நாற்பது நான்காகச் சுருங்கியது அப்படித்தான்.

மீன் பக்கத்தை முதலில் சொல்கிறேன். பாஸின் உடம்பில் செவுளிலிருந்து வால் வரைக்கும் பக்கவாட்டில் ஒரு கோடு ஓடும். கையில் பிடித்துப் பார்த்தால் தெளிவாகத் தெரியும். பக்கத்தில் ஏதாவது அசைந்தால் தண்ணீரில் ஏற்படும் அதிர்வை மீன் அந்தக் கோட்டால் உணர்கிறது. சற்றுத் தள்ளி வரும் சத்தத்தை உள்காதால் கேட்கிறது. அப்புறம் கண். ராத்திரியில் நிறம் பிரித்துப் பார்க்கும் அளவுக்கு வெளிச்சம் இல்லை. ஆனால் நிலா இல்லாத ராத்திரியிலும் வானம் தண்ணீரைவிடக் கொஞ்சம் வெளிறித்தான் இருக்கும். கீழே இருந்து அண்ணாந்து பார்க்கும் மீனுக்கு, அந்த வெளிறலின் குறுக்கே போகும் உருவம் நிழலாகத் தெரியும். அந்த நிழல் எவ்வளவு கெட்டியாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. இருட்டுக்குக் கறுப்பா என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். கறுப்பு, கருநீலம், கரும் ஊதா எல்லாம் வானத்துக்கு எதிரே தெளிவாக வெட்டித் தெரியும். வெள்ளையும் கண்ணாடி மாதிரியான நிறங்களும் அந்த வெளிறலோடு கரைந்துவிடும்.

ஆக, மீன் முதலில் அதிர்வைக் கேட்டுத் திரும்புகிறது, கிட்டே வந்து நிழலைப் பார்க்கிறது, அப்புறம் கவ்வுகிறது. இதற்கெல்லாம் நேரம் வேண்டும். லூர் ஒரே சீராக, ஒரே திசையில், மெதுவாக வந்தால்தான் மீனால் குறி பார்க்க முடியும். பகலில் ஆசை காட்டும் வெட்டியிழுப்பும் நிறுத்தி இழுப்பும் ராத்திரியில் மீனைத் தடுமாற வைக்கிறது. நான் மாற்றிக்கொண்டே இருந்த அந்த ஒன்பது லூரில் இரண்டு மூன்று நல்லவைதான். ஒன்றையும் பாதையில் ஓடவிடாமல் அவிழ்த்துவிட்டேன்.

இப்போது நான் முதலில் கட்டுவது ஸ்பின்னர்பெய்ட். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். வளைந்த கம்பி, ஒரு முனையில் ஈயத் தலையும் முள்ளும், அதைச் சுற்றி ரப்பர் இழைகளால் பாவாடை, மேல் முனையில் சுழலும் தகடு. இந்தத் தகட்டில்தான் விஷயமே இருக்கிறது. வில்லோ என்று ஒன்று இருக்கிறது. வேப்பிலை மாதிரி நீளம், ஒல்லி. அது வேகமாகச் சுழன்று மின்னும். பகலுக்கு அருமை. ராத்திரியில் அந்த மின்னலைப் பார்க்க ஆள் இல்லை. கொலராடோ என்பது கரண்டிக் குழி மாதிரி வட்டமாக இருக்கும். அது தண்ணீரை அள்ளித் தள்ளிக்கொண்டு, மெதுவாக இழுத்தாலும் திம் திம்மென்று அதிரும். ராத்திரிக்கு ஒரே ஒரு கொலராடோ தகடு, 5 அல்லது 6ஆம் எண், அரை அவுன்ஸ் எடை (14 கிராம்), கறுப்புப் பாவாடை. இரண்டு தகடு உள்ளவற்றையும் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஒன்று போதும், அதிர்வு இன்னும் சுத்தமாக வருகிறது. முள்ளில் பின்னால் ஒரு கறுப்பு ரப்பர் வால் சேர்த்துவிட்டால் உருவமும் பெரிதாகும், இறங்கும் வேகமும் குறையும்.

இழுக்கும் வேகத்தைப் பழக ஒரு வழி இருக்கிறது. வீசிய பிறகு அது தரையைத் தொடும் வரை விடுங்கள். தூண்டில் நரம்பு சுற்றியிருக்கும் ரீலைச் சுற்றத் தொடங்கி, கம்பின் நுனியில் தகட்டின் துடிப்பு கைக்குத் தெரியும் மிகக் குறைந்த வேகத்தைக் கண்டுபிடியுங்கள். அதற்குக் கீழே போனால் தகடு நின்றுவிடும், அதற்கு மேலே தேவையில்லை. அந்த வேகத்திலேயே படகுவரை கொண்டுவாருங்கள். நாடித் துடிப்பு மாதிரி அது கையில் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தத் துடிப்பு சட்டென்று நின்றால், செடி சிக்கியிருக்கலாம், அல்லது மீன் பின்னாலிருந்து வாயில் வாங்கி நம்மை நோக்கி வருகிறது. எனக்கு ராத்திரியில் கிடைத்த நல்ல மீன்களில் பாதி இப்படித்தான், இழுப்பே தெரியாமல் துடிப்பு மட்டும் நின்றது. எதுவானாலும் உடனே சுண்டி இழுங்கள். செடிக்காக வீணாகச் சுண்டியதில் நட்டமில்லை.

கைக்கு என்ன சொல்கிறது என்று மேலே சொன்னது இதைத்தான். நரம்பு போகும் இடமோ நுனி வளைவதோ கண்ணுக்குத் தெரியாத நேரத்தில், கையோடு பேசாத லூரைக் கட்டினால் மீன் கவ்வித் துப்பியதுகூட நமக்குத் தெரியாமல் போகும்.

இரண்டாவது, பத்து அங்குல ரப்பர் புழு. பகலில் ஆறு, ஏழு அங்குலம் போடுபவர்கள் ராத்திரியில் தைரியமாகப் பெரிதாக்கலாம், தண்ணீரில் பெரிய உருவம் எளிதில் அகப்படும். கறுப்பில் நீலப் பொடி தூவியதோ, ஜூன்பக் என்று விற்கும் கரும் ஊதாவோ போதும். டெக்சாஸ் ரிக் முறையில் கட்டுவேன். முன்னால் துப்பாக்கிக் குண்டு வடிவ எடை, கால் அவுன்ஸ் அல்லது கொஞ்சம் கூட, பின்னால் 5/0 அளவு முள், முள்ளின் நுனியைப் புழுவின் உடம்புக்குள்ளேயே செருகிவிட வேண்டும். மொட்டை மரங்களுக்கிடையே இருட்டில் வீசும்போது இது சிக்காமல் வருவது பெரிய நிம்மதி. விரலளவுகூட இல்லாத கண்ணாடிக் குப்பியில் சின்னக் குண்டுகள் போட்டு விற்பார்கள், அதைப் புழுவின் உடம்பில் செருகினால் ஒவ்வொரு அசைவுக்கும் கிலுகிலுவென்று சத்தம் வரும். நான் போடுகிறேன். நரம்பைப் பற்றிக் கவலை வேண்டாம். பகலில் மீன் பார்த்துவிடும் என்று மெல்லியதாகப் போடுவோமே, அது ராத்திரியில் அவசியமில்லை. 17, 20 பவுண்டு தாங்கும் நரம்பைத் தயங்காமல் போடலாம். மரத்துக்குள் ஓடும் மீனை நிறுத்த அது வேண்டும்.

கொசு மருந்து தடவிய கையால் ரப்பர் புழுவைத் தொடாதீர்கள். டீட் என்ற ரசாயனம் உள்ள மருந்து ரப்பரை இளக்கிவிடும், வாடையும் ஒட்டிக்கொள்ளும். நான் கழுத்துக்கும் காதுக்கும் புறங்கையால் தடவிவிட்டு, உள்ளங்கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுவேன்.

அணைக்கட்டின் கருங்கல் சரிவு கிடைத்தால் ஸ்பின்னர்பெய்ட்டும் வேண்டாம், புழுவும் வேண்டாம். அங்கே ஜிக், அதாவது ஈயத் தலையும் ஒற்றை முள்ளும் உள்ள லூர். கறுப்பும் நீலமும் கலந்த அரை அவுன்ஸ் ஜிக், பின்னால் நண்டுக் கொடுக்கு மாதிரி ரப்பர். இங்கே ஏரிகளில் கிராஃபிஷ் என்ற, இறால் மாதிரியான சின்ன உயிரினம் கல் இடுக்குகளில் இருக்கிறது. பகலெல்லாம் ஒளிந்திருந்து ராத்திரியில்தான் இரை தேடி வெளியே வரும். பாஸுக்கு அது தெரியும். கல்லில் இடறி இடறி ஜிக்கை இறக்கினால், டொக்கென்று ஒரே ஒரு தட்டு. அவ்வளவுதான் கொத்து.

மேல்தண்ணீர் லூர்களுக்கு வருகிறேன். ராத்திரி மீன்பிடிப்பில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், நான் அதிகம் தவறவிட்டதும் இதில்தான். ஜிட்டர்பக் என்று ஒரு பழைய லூர், ஒஹாயோவின் ஃப்ரெட் ஆர்பகாஸ்ட் என்பவர் 1930களின் கடைசியில் கொண்டுவந்தது, இன்றைக்கும் கடையில் கிடைக்கிறது. முன்னால் அகன்ற தகட்டு உதடு. சீராக இழுத்தால் இடமும் வலமும் ஆடிக்கொண்டு களக் களக் களக்கென்று தண்ணீரில் நடந்து வரும். கறுப்பு நிறத்தில் வாங்குங்கள். காற்று இல்லாமல் தண்ணீர் எண்ணெய் மாதிரி கிடக்கும் ராத்திரிக்கு இது. காற்றடித்து அலை எழும்பினால் இதன் சத்தம் அலையோடு கலந்துவிடும், ஸ்பின்னர்பெய்ட்டுக்குத் திரும்பிவிடுவேன்.

பாஸ் இதை வந்து அடிக்கும் சத்தம் இருட்டில் செங்கல்லைத் தண்ணீரில் போட்ட மாதிரி இருக்கும். கேட்டவுடன் கை தானாகச் சுண்டும். அங்கேதான் தவறு. மீன் பல நேரம் முதல் அடியில் லூரை வாயில் வாங்குவதில்லை. சத்தத்துக்குச் சுண்டினால், மூன்று முள் கொக்கி இரண்டு தொங்கும் லூர் நம் முகத்தை நோக்கிப் பறந்து வரும். முதல் கோடையில் ஒரே ராத்திரியில் ஐந்து மீனை இப்படி விட்டேன்.

இதை நான் ஏற்கெனவே கற்றிருந்தேன் என்பதுதான் எனக்கு வருத்தம். தஞ்சாவூர் பக்கம் எங்கள் ஊர்க் குளத்தில் அப்பா தவளை கோத்து விரால் பிடிப்பார். நீளமான மூங்கில் கம்பு, தாமரை இலைகளுக்கு நடுவே தவளையைத் தொட்டுத் தொட்டு எடுப்பார். விரால் தண்ணீரைப் பிளந்துகொண்டு வந்து எடுத்ததும் நான் கத்துவேன். அவர் அசைய மாட்டார். "பொறு, முழுங்கட்டும்" என்பார். கம்பில் கனம் இறங்கிய பிறகுதான் தூக்குவார். பாஸுக்கு அவ்வளவு நேரம் கொடுக்கக்கூடாது, முள்ளை விழுங்கிவிடும், திரும்ப விட முடியாது. ஆனால் விதி அதேதான். சத்தம் கேட்டாலும் அதே வேகத்தில் சுற்றிக்கொண்டே இருங்கள். கம்பில் கனம் தெரிந்த பிறகு சுண்டுங்கள். முதல் அடி தவறியிருந்தால்கூட, லூர் நிற்காமல் நடந்தால் அதே மீன் திரும்ப வந்து அடிக்கும். அந்த இரண்டாவது அடிக்காகக் காத்திருக்கும் நான்கைந்து வினாடிகளுக்கு ஈடாக மீன்பிடிப்பில் வேறெதையும் நான் கண்டதில்லை.

கறுப்பு என்று இவ்வளவு சொன்னதற்கு ஒரு விலக்கு உண்டு. ஏரிக்கரை வீடுகளின் படகுத்துறைகளில் சிலர் தண்ணீரை நோக்கி விளக்கு போட்டிருப்பார்கள். விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்கும் வெளிச்சத்துக்கும் ஷாட் என்ற வெள்ளிக் குஞ்சு மீன் கூட்டம் வரும், அதற்குப் பாஸ் வரும். அந்த வட்டத்துக்குள் மீன் கண்ணால் வேட்டையாடுகிறது. அங்கே வெள்ளை, ஷாட் நிறம், மூன்று நான்கு அங்குல ரப்பர் மீன்தான் எடுபடும். பெரியவை வெளிச்சத்தின் நடுவில் நிற்பதில்லை, இருளும் ஒளியும் சேரும் விளிம்பில் நிற்கும். அதனால் வட்டத்தைத் தாண்டி இருட்டில் வீசி, விளிம்பை ஒட்டிக் கொண்டுவாருங்கள். நம் தலைவிளக்கைத் தண்ணீரில் அடித்தால் அந்த இடம் அன்றைக்கு முடிந்தது. நான் சிவப்பு விளக்கு வைத்திருக்கிறேன், முடிச்சுப் போடும்போது கரைப்பக்கம் திரும்பிக்கொள்வேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன வருடத்துக்கு முந்திய கோடையில், மீனை வாயில் பிடித்துத் தூக்கும்போது அது உதறியதில் ஜிட்டர்பக்கின் பின்கொக்கி என் கட்டைவிரல் சதையில் முழுதாக இறங்கிவிட்டது. ஒரு கொக்கி மீனில், இன்னொன்று என்னில், சுற்றிலும் இருட்டு. அண்ணாச்சி முதலில் நரம்பை வெட்டினார், அப்புறம் மீனைக் கழற்றிவிட்டார், பிறகு படகைக் கரைக்குத் திருப்பினார். அவசர சிகிச்சைக்குப் போய் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வரும்போது விடிந்துவிட்டது. அன்றிலிருந்து ராத்திரிக்குக் கொண்டுபோகும் எல்லா முட்களிலும், நுனிக்குக் கீழே பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன எதிர்முள்ளைக் குறடால் அழுத்தித் தட்டையாக்கிவிடுகிறேன். நரம்பைத் தளரவிடாமல் இழுத்தால் மீன் தப்புவது மிகக் குறைவு. சதையில் ஏறினாலும் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். மூன்று முள் கொக்கிகள் நிறைந்த மற்ற லூர்களை ராத்திரிப் பெட்டியிலிருந்தே எடுத்துவிட்டேன். கிராங்க்பெய்ட் என்ற மீன் பொம்மை லூர் கறுப்பில் நன்றாக எடுபடும் என்று பலர் சொல்கிறார்கள், இருக்கட்டும். எனக்கு ஒற்றை முள் லூர்களே போதும், ஜிட்டர்பக் ஒன்றுதான் விலக்கு.

கிளம்பும் முன்பு வீட்டிலேயே, நல்ல வெளிச்சத்தில், மூன்று கம்பில் மூன்று லூரைக் கட்டிவிடுவேன். ஒன்றில் ஸ்பின்னர்பெய்ட், ஒன்றில் புழு, ஒன்றில் ஜிட்டர்பக். படகில் எந்தக் கம்பு எந்தப் பக்கம் என்பது எப்போதும் ஒரே ஒழுங்கு. ஜிக் மட்டும் சட்டைப் பையில் தனி டப்பாவில். உயிர்காப்பு அங்கியைக் கழற்றுவதே இல்லை. சூரியன் மறைந்ததும் படகின் முன்னால் சிவப்பும் பச்சையும், பின்னால் வெள்ளையும் எரிய வேண்டும், அது சட்டம். கரையில் இறங்கும் இடத்தில் காலடியைப் பார்த்து வையுங்கள். காட்டன்மவுத் என்ற விஷப்பாம்பு இந்தப் பக்கம் தண்ணீரோரம் சாதாரணம்.

படகு இல்லாதவர்கள் மாநிலப் பூங்காக்களில் இருக்கும் ஏரிகளுக்குப் போகலாம். டெக்சாஸில் 17 வயது ஆனவர்களுக்கு மீன்பிடி உரிமம் வேண்டும், ஆனால் மாநிலப் பூங்காவுக்குள் கரையில் நின்று பிடித்தால் அது தேவையில்லை. ராத்திரி எத்தனை மணி வரை அனுமதி என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். கரையிலிருந்து வீசும்போது நேரே ஆழத்துக்கு வீசாமல் கரைக்கு இணையாக வீசுங்கள். ராத்திரியில் பாஸ் இரை தேடி முழங்கால் ஆழம் வரைக்கும் வந்துவிடும்.

லேக் ஃபோர்க்கில் ஒரு விதி உண்டு. 16 அங்குலத்துக்கு மேலும் 24 அங்குலத்துக்குக் கீழும் உள்ள பாஸை வைத்துக்கொள்ளக் கூடாது, உடனே விட வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து மீன் எடுக்கலாம், அதில் ஒன்று மட்டும் 24 அல்லது அதற்கு மேல் இருக்கலாம். அதற்காக அளவுப் பலகையில் அங்குலக் கோடுகளை இருட்டிலும் தெரிகிற மாதிரி வெள்ளை டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். போன ஆகஸ்டில், நிலா இல்லாத ஒரு ராத்திரி, இரண்டு மணி சுமாருக்கு, மொட்டை மரங்களுக்கிடையே ஸ்பின்னர்பெய்ட்டின் துடிப்பு நின்றது. சுண்டியதும் ஏரியே எதிர்ப்பக்கம் நகர்ந்த மாதிரி இருந்தது. பலகையில் வைத்தபோது வால்நுனி இருபத்து மூன்றரையில் நின்றது.

"அரை அங்குலம் குறையுதே தம்பி" என்றார் அண்ணாச்சி.

கோடைத் தண்ணீரில் மீன் சீக்கிரம் களைத்துவிடும். படம் எடுக்க நிற்காமல் தண்ணீரில் இறக்கி, கீழ்த்தாடையைப் பிடித்தபடி நேராக வைத்திருந்தேன். செவுள் இரண்டு மூன்று தடவை திறந்து மூடியது. பிறகு வால் என் முழங்கையில் அறைந்துவிட்டு, கை காலியானது.